மரமனைக் கையறுநிலை

மரமாய் வளர்ந்து, மனையாய் நின்று, கரியாய்ப் போன நெடுமனையே! போஸ்பரஸ் நீரிணையின் கரையில் நின்றாய். பூர்சாவின் மலைச்சரிவில் நின்றாய். சஃப்ரன்போலுவின் பள்ளத்தில் நின்றாய். இன்றைய துருக்கியின் எல்லைகளைக் கடந்து ப்ளோவ்திவிலும் ஓஹ்ரிதிலும் சரயேவோவிலும் பெராத்திலும் நின்றாய். தலைமுறை தலைமுறையாய்க் குடிகாத்த உனக்கு இன்று யார் அழுவது? மன்னன் மாய்ந்தால் புலவன் அழுவான். மகன் மாய்ந்தால் தாய் அழுவாள். இருவரையும் ஒருசேரப் புரந்த மனை மாய்ந்தால் அழும் உரிமை இன்னார்க்கு என்று எந்த நூலும் வகுக்கவில்லை. ஆகவே அயலானாகிய நான் அழுகிறேன். உன் மொழி எனக்குத் தெரியாது. உன் கூடத்தில் நான் உண்டதில்லை. உன்னை அளந்தவர்கள் வரைந்த கோடுகளின் வழியே மட்டும் உன்னை அறிந்தவன். ஆற்றாமைக்கு அந்த அறிவே போதுமாயிருக்கிறது.

தீ தின்றது உன்னை என்கிறார்கள். துருக்கியின் மரவீடுகளைப் பற்றி எழுதப்புகுந்த எவரும் முதற்பக்கத்தில் தீயை மூட்டாமல் விடுவதில்லை. நான் அதை ஏற்கமாட்டேன். தீ உன் பிறவிப் பகை, உண்மை. ஆனால் தீக்குப் பின் நீ எழுந்தாய், எரிந்த ஒவ்வொரு முறையும் எழுந்தாய். எழுவது என்று நின்றதோ அன்றே நீ மாய்ந்தாய். உன்னைக் கொன்றவர்கள் தீப்பந்தம் ஏந்தி வரவில்லை. அவர்களை நான் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன் உன் உடலைப் பாடவேண்டும். இருந்தது எது என்று சொல்லாமல் இழந்தது எது என்று எப்படிச் சொல்ல?

தெருவுக்கு நீ முகம் காட்டியதில்லை. கீழ்த்தளம் கல்லால் ஆனது. ஜன்னல் இல்லை, இருந்தால் குறுகிய துளை. அங்கே விறகு, தானியம், குதிரை, கல் பாவிய தரையின் குளிர். தெரு வளைந்தால் அந்தக் கல்லும் வளைந்தது. மனையடி கோணலாயிருந்தால் கீழ்ச்சுவரும் கோணலாயிற்று. ஊரோடு ஒத்துப்போவது கீழ்த்தளத்தின் வேலை. மேலே ஏறியதும் நீ நிமிர்ந்தாய். கோணல்களையெல்லாம் கீழே விட்டுவிட்டு, மேல்தளத்து அறைகளை நேர்கோணத்தில் நிறுத்துவதற்காக உன் உடலைத் தெருவின்மேல் நீட்டினாய். அந்த நீட்டலைச் ‘சிக்மா’ என்றார்கள் உன் மக்கள். இடுப்பில் கையூன்றி நிற்கும் ஆள்போலச் சாய்வான மரக்கால்கள் அதைத் தாங்கின. நீட்டிய அறைக்கு மூன்று பக்கமும் பார்வை கிடைத்தது: தெருவின் இந்த முனை, அந்த முனை, எதிர்வீட்டுக் கூரைக்கு மேலே ஒரு கீற்றுக் கடல். அதற்கும் மேலே அகன்ற இறவாரம், சிவந்த ஓடு.

உன் எலும்பெல்லாம் மரம். தூண், விட்டம், குறுக்கே சாய்சட்டம். சட்டங்களின் இடைவெளியில் பச்சைக்கல்லோ செங்கல்லோ அடைத்தால் ‘ஹிமிஷ்’. அடைக்காமல் இருபுறமும் மெல்லிய பட்டிகள் அறைந்து மேலே காரை பூசினால் ‘பாக்தாதி’. இரண்டிலும் சுமை தாங்குவது சட்டம். சுவர் வெறும் திரை. திரையில் எத்தனை ஜன்னலும் திறக்கலாம் என்பதை உன் தச்சர்கள் கண்டுகொண்டார்கள். அகலத்தைப் போல இருமடங்கு உயரமுள்ள ஒரே அளவு ஜன்னல்களை, இரண்டல்ல மூன்றல்ல, ஏழெட்டாக வரிசையில் நிறுத்தினார்கள். கல்லையும் செங்கல்லையும் அடுக்கிச் சுவரெழுப்பிய நாடுகள் இரும்பும் சிமெண்டும் வரும்வரை ஏங்கிக் கிடந்த வெளிச்சம், உனக்கு ஒரு தச்சனின் உளியில் கிடைத்தது.

படியேறினால் சோஃபா. சாய்ந்து அமரும் இருக்கை என்று எண்ணிவிட வேண்டாம், அது கூடம். வீட்டின் நடைவழியும் அதுவே, திருமணப் பந்தலும் அதுவே, கோடையில் காற்று வாங்கும் திண்ணையும் அதுவே. பழைய மனைகளில் அது ஒருபுறம் தோட்டத்துக்குத் திறந்து கிடந்தது. நகரம் நெருங்கிவர வீட்டின் நடுவே நுழைந்தது. செல்வர் மாளிகைகளில் நான்கு மூலை அறைகளுக்கு நடுவே சிலுவை வடிவிலோ முட்டை வடிவிலோ அமர்ந்தது. எந்த அறையும் இன்னோர் அறைக்குள் திறவாது. எல்லாக் கதவும் கூடத்தை நோக்கும். மகனுக்கு மணமானால் அவனுக்கு ஓர் அறை. அது அவர்கள் இருவரின் முழு வீடு.

அந்த அறைக்குள் வா, படிப்பவரே. மூலையில் கதவு, திறந்ததும் அறை தெரியாது, ஓர் அலமாரியின் பக்கவாட்டுதான் தெரியும், நுழைகிறவன் கண்ணுக்கு முன்னே குடும்பம் கலைந்து ஒழுங்காவதற்கு ஒரு நொடி. செருப்பை விடுவதற்குத் தாழ்ந்த தரை. ஒரு படி ஏறினால் அறை. ஜன்னலோரம் சுற்றிலும் தாழ்ந்த மரமேடை, ‘செதிர்’, மெத்தையும் திண்டும் பரப்பியது. அமர்ந்திருப்பவன் பார்வைக்கு ஏற்பத் தாழ்ந்தது ஜன்னலின் அடிச்சட்டம்; நிற்கிறவனுக்காக அது வெட்டப்படவில்லை. மேலே இன்னொரு வரிசைச் சிறு ஜன்னல்கள், சுண்ணச் சட்டத்தில் வண்ணக் கண்ணாடி பதித்தவை. கீழ்வரிசை பார்ப்பதற்கு, மேல்வரிசை ஒளிக்கு. ஒரு சுவரில் கணப்பு. ஒரு சுவர் முழுதும் அலமாரி. அந்த அலமாரிக்குள் பகலெல்லாம் படுக்கை உறங்கும். அதன் ஒரு கதவைத் திறந்தால் ஆள் நின்று குளிக்குமளவு ஓர் அறையும் உண்டு. கட்டில் இல்லை, மேசை இல்லை, நாற்காலி இல்லை. உணவு வேளையில் பெரிய செம்புத் தட்டு நடுவே வரும், உண்டபின் போகும். இரவில் மெத்தைகள் இறங்கும், விடியலில் ஏறும். அறையின் நடு எப்போதும் வெறுமை. அலங்காரமெல்லாம் கூரையின் அடிப்பலகைக்குப் போயிற்று, படுத்திருப்பவன் காண்பதற்கு. இந்த ஓர் அறையின் வரைபடத்தை, ஊர்ப்பெயரை மறைத்து, 1920-களின் பெர்லினில் ஒரு கட்டடக்கலை மாணவனிடம் நீட்டியிருந்தால், எந்தப் புதுமைக்காரர் வரைந்தது என்றுதான் கேட்டிருப்பான்.

சஃப்ரன்போலுவில் நீ இரண்டாக வாழ்ந்தாய். குளிர்காலத்துக்குப் பள்ளத்தில், கடைத்தெருவை ஒட்டிக் காற்று மறைந்த இடத்தில் ஒரு மனை. கோடைக்கு மேட்டில் திராட்சைத் தோட்டத்தின் நடுவே இன்னொன்று. ஊரே பருவத்தோடு ஏறி இறங்கியது. சரிவில் அடுக்கிய வீடுகளில் ஒன்று மற்றொன்றின் பார்வையை மறைக்காது. கூடத்துக்குள்ளேயே குளம் வைத்த மனையும் அங்குண்டு: கோடையில் குளிர்ச்சி, தீப்பிடித்தால் தண்ணீர். 1994-இல் அந்த ஊரை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். சேர்த்தது நன்றே. பட்டியலில் சேர்வது எவர்க்கு நேரும் நிலை என்பதையும் நான் அறிவேன்.

இறந்தாரைப் புகழும்போது குறை மறைப்பது மரபு. அந்த மரபை இங்கே கைவிடுகிறேன். உன் ஜன்னல்களுக்கு வெளியே ‘கஃபெஸ்’ என்னும் மரச்சல்லடை இருந்தது. பெண் தெருவைப் பார்க்கலாம், தெரு பெண்ணைப் பார்க்கலாகாது. பெருமனைகளில் ஆண்களின் பகுதிக்கும் பெண்களின் பகுதிக்கும் இடையே சுவரில் சுழலும் அலமாரி ஒன்று. உள்ளிருந்து சோறு வைத்துச் சுழற்றினால் வெளியே தட்டு வரும். சமைத்த கை தெரியாது. அந்த அலமாரிக்காக நான் ஒரு துளி கண்ணீரும் விடமாட்டேன். இன்னொன்றும் உண்டு. துருக்கி வீடு என்று உனக்கு ஒரே இனத்தின் பெயரைச் சூட்டினார்கள். உன்னைக் கட்டிய கைகளில் கிரேக்கக் கைகள் இருந்தன, ஆர்மீனியக் கைகள் இருந்தன. உன் கூரையின் கீழே அவர்கள் குடும்பங்களும் இதே கூடத்தில், இதே செதிரில் அமர்ந்திருந்தன. 1915-இல் அனதோலியாவின் ஆர்மீனியர் அழிக்கப்பட்டனர். 1923-இல் ஏற்பட்ட குடிமாற்ற உடன்படிக்கையால் கிரேக்கர் கப்பலேற்றப்பட்டனர். இஸ்தான்புல் தவிர்ந்த ஊர்களில் உன் கல்வேலையும் தச்சுவேலையும் அறிந்த கைகள் பலவும் அவர்களோடு போயின. உன் சாவைக் கணக்கெடுக்கிற நூல்கள் இதை ஓர் அடிக்குறிப்பில் கடந்துபோகின்றன. எனக்கு இது அடிக்குறிப்பாகப் படவில்லை.

இனித் தீயைப் பேசலாம். இறைவனுக்குக் கல், மனிதனுக்கு மரம் என்பது இஸ்தான்புல்லின் வழக்கம். மசூதி நிற்கவேண்டும், வீடு வாழவேண்டும். குடியிருப்பவனே நிலையாதவன், அவன் குடியிருக்கும் இடம் மட்டும் ஏன் நிலைக்கவேண்டும் என்று எண்ணிய மக்கள் உன்னைக் கட்டினார்கள். 1660-இல் நகரின் பெரும்பகுதி எரிந்தது. 1782-இல் எரிந்தது. 1865-இல், 1908-இல், 1911-இல், 1918-இல் எரிந்தது. 1720-களில் தீயணைப்புப் படை அமைத்தார்கள். பம்புப் பெட்டியைத் தோளில் சுமந்து சந்துகளில் ஓடினார்கள் அந்த ‘துலும்பாஜி’கள். பெயாசித் கோபுரத்தில் காவலர் நின்று தீ வந்த திசையைக் காட்டினார்கள், பகலில் கூடை தொங்கவிட்டு, இரவில் விளக்கேற்றி. எரிந்த இடம் ஆறியதும் கருங்கடல் கரைக்காடுகளிலிருந்து மரம் கப்பலில் வந்தது. தச்சன் வந்தான். அவனுக்கு வரைபடம் வேண்டாம். அளவு அவன் முழங்கையில் இருந்தது, முறை அவன் தந்தையிடமிருந்து வந்தது. ஒரு கோடைக்குள் நீ மறுபடி நின்றாய். முன்பிருந்த நீயே அல்ல; ஒரு ஜன்னல் கூட, ஓர் அலங்காரம் குறைய, புதுக்காலத்துக்குப் புது வளைவோடு. எரிவதும் எழுவதும் சேர்ந்ததே உன் ஆயுள். ஐந்நூறு ஆண்டு நின்ற கல்மனையைவிட, ஐம்பதாண்டுக்கு ஒருமுறை பிறந்த நீயே இளமையோடு இருந்தாய்.

அந்தப் பிறப்பை ஒவ்வொரு கையாக வந்து அடைத்தார்கள். 1848-இன் கட்டட விதியும் அதைத் தொடர்ந்து 1882-இன் சட்டமும் தெருவை அகட்டின, எரிந்த பகுதிகளைக் கட்டம் போட்டு நேராக்கின, கல்லையும் செங்கல்லையும் முன்னே தள்ளின. அந்த விதிகளில் நியாயம் இல்லையென்று நான் சொல்லவில்லை. எரிந்து செத்தவர்கள் வீடுகளின் அழகுக்காகச் சாகவில்லை. 1912 முதல் 1922 வரை போர்மேல் போர். தச்சர்கள் படைக்குப் போனார்கள். 1918-இல் எரிந்த பாதிஹ் பகுதியில் மறுபடி கட்ட ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஆண்டுக்கணக்கில் அது எரிந்த வெளியாகவே கிடந்தது. 1923-இல் தலைநகர் அங்காராவுக்குப் போயிற்று. பணக்காரக் குடும்பங்கள் நிஷாந்தாஷியின் அபார்ட்மெண்டுகளுக்கு ஏறிப்போயின. பாஷாக்களின் மாளிகைகளில் அறைக்கு ஒரு குடும்பமாக ஏழைகள் குடிபுகுந்தார்கள், கணப்பில் உன் படிக்கட்டையே உடைத்து எரித்தார்கள். அவர்களை நான் நோகமாட்டேன். குளிரடித்தது.

கடைசிக் கையைச் சற்று நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் அது மிகவும் சாதாரணமான கை. 1950-இல் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் வாழ்ந்த இஸ்தான்புல்லுக்கு அனதோலியக் கிராமங்களிலிருந்து மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இன்று ஒன்றரைக் கோடி. 1956 முதல் 1960 வரை பிரதமர் மெந்தெரெஸின் ஆட்சியில் பழைய நகரின் நடுவே அகன்ற சாலைகளை வெட்டினார்கள். 1965-இல் அடுக்குவீட்டுத் தளங்களைத் தனித்தனியே உரிமையாக்கும் சட்டம் வந்தது. மனைக்காரனிடம் பணமில்லை, காண்ட்ராக்டரிடம் மனையில்லை. இவன் நிலம் தருவான், அவன் இடித்துவிட்டு ஐந்தாறு மாடி எழுப்பி, இரண்டோ மூன்றோ ஃபிளாட்டை இவனுக்குத் தந்து மற்றதை விற்பான். ‘கட்டி விற்பது’ என்றே அந்தத் தொழிலுக்குப் பெயர். வங்கி வேண்டாம், அரசு வேண்டாம், கட்டடக்கலைஞர்கூடப் பெயருக்குத்தான். எவரும் வில்லன் இல்லை. மூன்று தலைமுறையில் பதினைந்து வாரிசுகளாகப் பிரிந்துபோன ஒரு மரவீட்டை, பிரிக்கக்கூடிய ஒன்றாக மாற்றுவதற்கு அவர்களுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. பிறகு அரசு விழித்துக்கொண்டு உன்னை இடிக்கக்கூடாது என்று பதிவேட்டில் எழுதியது. இடிக்கவும் முடியாது, பழுதுபார்க்கவும் பணமில்லை. கூரை ஓட்டை விழுந்து மழை இறங்கியது. சில நள்ளிரவுகளில் தானாகவே தீ வந்தது என்று ஊரார் ஒரு சிரிப்போடு சொல்வதுண்டு. விடிந்தபின் அங்கே கார் நிறுத்துமிடம். இந்தத் தீ பழைய தீயன்று. இதன்பின் எவனும் மரம் வாங்கக் கப்பலுக்குப் போகவில்லை.

நீ மாய்ந்துகொண்டிருந்த அதே நூற்றாண்டில்தான் உலகம் உன்னைக் கண்டுகொண்டது. 1911 கோடையில் சார்ல்-எதுவார் ஜான்னரே என்ற 23 வயது சுவிஸ் இளைஞர் இஸ்தான்புல்லில் சில வாரம் தங்கி, மசூதிகளையும் மரவீடுகளையும் கோட்டோவியமாகக் குறித்துக்கொண்டார். அவ்வாண்டின் பெருந்தீயையும் கண்ணால் கண்டார். பின்னாளில் லெ கொர்புசியே என்று பெயர் மாற்றிக்கொண்டு, தூண்மேல் உயர்ந்த வீடு, சுமையற்ற முகப்பு, நீண்ட ஜன்னல் வரிசை என்று புதுக்கட்டடக்கலைக்கு விதி வகுத்தார். உன்னிடமிருந்தே எடுத்தார் என்று நான் வழக்காட வரவில்லை; கான்கிரீட்டின் தருக்கமே அவரை அங்கே கொண்டுபோயிருக்கும். ஆனால் அந்த விதிகளை உன் எதிரில் வைத்துப் பார்த்தவர்களுக்கு வியப்பு தாளவில்லை. 1936-இல் ஹிட்லரின் ஜெர்மனியைத் துறந்தவரான புரூனோ தாட் இஸ்தான்புல் நுண்கலைக் கழகத்தில் கட்டடக்கலைக்குத் தலைவராக வந்தார். ஓர்தாகோய் சரிவில், உயர்ந்த தூண்மேல் அடுக்கிறவாரத்தோடு தமக்கொரு வீடு கட்டிக்கொண்டார். அத்தாதுர்க்கின் பூதவுடல் அங்காராவில் கிடத்தப்பட்ட மேடையை வடிவமைத்துக் கொடுத்து, அடுத்த மாதமே, 1938 டிசம்பரில், தாமும் இறந்தார். எதிர்நேகபி இடுகாட்டில் அவர் உறங்குகிறார்.

உனக்கு வாய்த்த மகன் என்று சொன்னால் கட்டடக்கலைஞர் செதாத் ஹக்கி எல்டெம்தான். 1908-இல் இஸ்தான்புல்லில் பிறந்து, தூதரான தந்தையோடு சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் வளர்ந்தவர். வீட்டை விட்டு வெகுதூரம் போனவனுக்கே வீடு தெரியும் என்பது அவர் வகையில் மெய்யாயிற்று. படிப்பு முடித்து பாரிசிலும் பெர்லினிலும் சுற்றியபோது, ஃபிராங்க் லாயிட் ரைட்டின் வீடுகளைப் படங்களில் கண்டார்: தாழ்ந்து நீண்ட கோடுகள், அகன்ற இறவாரம், ஜன்னல் வரிசை. அமெரிக்கப் புல்வெளியில் எழுந்த அந்த வீட்டில் அவர் கண்டது உன்னை. ஊர் திரும்பி, 1930-களில் நுண்கலைக் கழகத்தில் தேசியக் கட்டடக்கலைக் கருத்தரங்கைத் தொடங்கினார். மாணவர்களை ஊர் ஊராக அனுப்பினார். சாகப்போகும் மனைகளின் தளம், வெட்டுமுகம், ஜன்னல் அகலம், அலமாரிக் கதவு எல்லாம் அளந்து வரைந்தார்கள். எத்தனையோ மனைகளுக்கு அந்தத் தாளே கடைசி உடல். 1948-இல் நுண்கலைக் கழகத்தில் தீப்பிடித்தது. தாள்களில் பெரும்பகுதி எரிந்துபோயிற்று.

அந்தோ, உன் நிழலையும் விடவில்லையே அந்தத் தீ! வேறொருவர் என்றால் அத்தோடு கை கழுவியிருப்பார். எல்டெம் மறுபடி தொடங்கினார், உன்னைப் போலவே. 1954-இல் துருக்கி வீட்டின் தளவகைகளை வகுத்து நூலாக்கினார்: கூடமில்லாதது, வெளிக்கூடம், உட்கூடம், நடுக்கூடம். 1980-களில், எழுபது கடந்த வயதில், பெருந்தொகுதிகளாகத் துருக்கி வீட்டை எழுதினார். அந்த நூல்களே இன்று எனக்கும் உனக்கும் உறவு.

எழுதியதோடு நிற்கவில்லை, கட்டினார். போஸ்பரஸ் கரையில் அனதோலுஹிசாரியில் 1699-இல் எழுந்த அம்ஜாஸாதே ஹுசைன் பாஷாவின் யலி உண்டு. யலி எனப்படும் நீர்முக மனைகளுள் எஞ்சியவற்றில் மிகப் பழையது. அதில் நிலைத்தது கடலின்மேல் நீட்டிய ஒரு கூடம் மட்டுமே: மூன்று சிறகாக விரிந்து, நடுவே நீரூற்றோடு, சுற்றிலும் ஜன்னலாக. நெடுங்காலம் அது சிதைந்து சாய்ந்து நின்றது. அந்தக் கூடத்தை எல்டெம் 1940-களின் இறுதியில் தாஷ்லிக்கின் மேட்டில் ஒரு காபிக்கடையாக மறுபடி பெற்றெடுத்தார். அதே மூன்று சிறகு, அதே அகன்ற இறவாரம், கீழே அதே கடல். பாஷாவின் விருந்தினர் அமர்ந்த இடத்தில் காசு கொடுத்துக் காபி குடிக்க வந்த எவரும் அமர்ந்தனர். உன் வரலாற்றில் இதைவிட நல்ல மறுபிறப்பு எதுவும் இல்லை என்பேன். பின்னர் ஒரு பெரிய ஹோட்டலுக்காக அதையும் இடித்தார்கள். ஹோட்டலின் ஓரத்தில் அதுபோலொன்றைக் கட்டிவைத்தார்கள். அதுபோலொன்று.

1960-களின் தொடக்கத்தில் ஸெய்ரெக் சரிவில் சமூகக் காப்பீட்டு நிறுவனத்துக்கான கட்டடத் தொகுதியைச் செய்தார். பழைய மரவீடுகள் அடர்ந்த மேடு. கீழே புதிதாக வெட்டிய அகன்ற சாலை. அலுவலகத்துக்கு ஒரே பெரும் பெட்டி போதும் என்று எவரும் சொல்லியிருப்பார்கள். அவர் அதைத் துண்டுதுண்டாக உடைத்து, சரிவில் ஏறவிட்டு, ஒவ்வொரு தளமும் கீழ்த்தளத்துக்கு மேல் சற்றே நீட்டி நிற்க, இடையிடையே சந்துகள் ஓட வைத்தார். பொருள் கான்கிரீட், நடை உன்னுடையது. மேலே நின்ற மரவீடுகளை மீறி அது தலை நிமிர்த்தவில்லை. 1986-இல் அதற்கு ஆகா கான் விருது கிடைத்தது. நம் நாட்டுக்கும் அவர் கைப்பட்டதுண்டு: அங்காராவில் இந்தியத் தூதரக இல்லம், 1960-களில். இத்தனையும் செய்தவரே, அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கார்டன் பன்ஷாஃப்டோடு சேர்ந்து, 1955-இல் திறந்த இஸ்தான்புல் ஹில்டனையும் வரைந்தார். ஒரே அச்சில் வார்த்த பால்கனிகள் அடுக்கடுக்காய் நிற்கும் அந்த வெள்ளைப் பெட்டியை நாடெங்கும் நகலெடுத்தார்கள். ஸெய்ரெக்கை நகலெடுக்க எவரும் முந்தவில்லை. 1988-இல் எல்டெம் இறந்தார்.

அவர் உன்னை உயிர்ப்பித்தார் என்று நான் சொல்வேனா? சொல்ல வாய் எழவில்லை. உன் நீட்டலை எடுத்தார். ஜன்னல் தாளத்தை எடுத்தார். இறவாரத்தின் நிழலை, கூடத்தின் நடுவத்தை எடுத்தார். அவற்றுக்கெல்லாம் கான்கிரீட்டில் இடமிருந்தது. எரிந்தபின் எழும் ஆற்றலுக்குக் கான்கிரீட்டில் இடமில்லை. போஸ்பரஸ் கரையில் பெருஞ்செல்வர்க்கு அவர் கட்டிய யலிகள் அழகியவை, மிக அழகியவை. ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒரு கட்டடக்கலைஞரின் படைப்பு. உனக்குப் படைத்தவர் பெயர் இல்லை. ஆயிரம் தச்சர்களுக்குத் தெரிந்ததை ஒரு மேதை மட்டும் அறிந்திருந்தால், அந்த அறிவு அவரோடு போய்விடுகிறது. அவருடைய மாணவரான துர்குட் ஜான்செவெர் இதை உணர்ந்தவர் என்று எண்ணுகிறேன். போத்ரும் பக்கம் தெமிர் விடுமுறைக் கிராமத்தில் உன் ஜன்னலையோ இறவாரத்தையோ அவர் நகலெடுக்கவில்லை; உள்ளூர்க் கல், உள்ளூர்க் கைகள், ஒரு வீடு மற்றதன் கடலை மறைக்காத ஏற்பாடு என்று உன் நாணயத்தைத் தேடினார். அதற்கும் 1992-இல் ஆகா கான் விருது. ஆனால் விடுமுறைக்கு வருகிறவர்களின் வீடு அது.

எஞ்சியது வேடம். ஆயா சோஃபியாவின் பின்புறம் சோவுக்செஷ்மே தெருவில் 1980-களில் வரிசையாக மரவீடுகளை மீட்டெழுப்பினார்கள். அவற்றுள் பல கான்கிரீட் உடலுக்கு மரப்பலகை போர்த்தியவை. தெருவையே இழக்காமல் காத்தார்கள் என்பதற்காக நான் அவர்களை வணங்குவேன், போர்த்தியதற்காக முனகுவேன். அதன்பின் வந்தவர்களுக்கு வணக்கமும் இல்லை. பத்துமாடிக் குடியிருப்பின் நெற்றியில் இரண்டடி நீட்டிய ஜன்னல் பெட்டி, மரநிறம் அச்சடித்த பிளாஸ்டிக் தகடு, எதையும் தாங்காத சாய்கால். உள்ளே அறைகளைக் கட்டிலும் டைனிங் மேசையும் டிவி ஸ்டாண்டும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. நீட்டிய ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டடத்தின் நீட்டிய ஜன்னல்.

1999 ஆகஸ்ட் 17, பின்னிரவு 3 மணி கடந்த வேளை. மர்மாராவின் கிழக்குக் கரை அதிர்ந்தது. இஸ்மித், கோல்ஜுக், அதபசாரி, யலோவா. அரசு எண்ணிய பிணங்களே 17,000-க்கு மேல். பெரும்பாலோர் உறங்கியபடி கான்கிரீட் தளங்களின் இடையே நசுங்கியவர்கள். காண்ட்ராக்டர்கள் கட்டி விற்ற தளங்கள். தளத்தின்மேல் தளமாகத் தட்டையாக இறங்கியிருந்தன. நெடுமனையே, அதே மண்ணில், அதே தெருக்களிலும் சுற்றியுள்ள மேடுகளிலும், உன் குலத்தில் மிஞ்சிய சில ஹிமிஷ் வீடுகள் நின்றிருந்தன. எவரும் பேணாதவை, மழையில் ஊறியவை, ஏழைகள் குடியிருந்தவை. காரை உதிர்ந்தது. அடைத்த செங்கல் சட்டத்துக்குள் உரசி உரசி நிலத்தின் வெறியைத் தேய்த்தது. சில இடங்களில் கல் பிதுங்கி விழுந்தது. சட்டம் கிரீச்சிட்டுச் சாய்ந்து மீண்டது. உள்ளே உறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் எழுந்து வெளியே நடந்தார்கள். நவம்பரில் தூஸ்ஜே அதிர்ந்தபோதும் அப்படியே. பொறியாளர்கள் வந்து அளந்தார்கள், எண்ணினார்கள், கான்கிரீட்டில் செத்தவர்களின் எண்ணிக்கையையும் உன்னில் செத்தவர்களின் எண்ணிக்கையையும் அருகருகே வைத்து எழுதினார்கள்.

பிறகு வீடிழந்தவர்களுக்கு நிரந்தரக் குடியிருப்பு கட்டினார்கள். அச்சில் வார்த்த கான்கிரீட் சுவர், கான்கிரீட் தளம். இம்முறை சட்டப்படி, கம்பி சரியாகப் போட்டு. அதில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. லட்சம் பேர் கூடாரத்தில் கிடந்தார்கள். உன்னைக் கட்டச் சொல்லியிருந்தாலும், காட்டில் மரம் இருந்திருக்கும், எல்டெமின் நூலில் அளவு இருந்திருக்கும். முழங்கையில் அளவு வைத்திருந்த தச்சர்களுக்கு எங்கே போவது?